யாழ்ப்பாணத்திலிருந்து நவீன கலை அருங்காட்சியகத்துக்கு: குடும்பமாகச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாகக் கொழும்புக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும்: தூதரகத்தில் விசா நேர்காணல், வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டுதல், வெள்ளவத்தையில் ஒரு கலியாணவீடு, கட்டுநாயக்கவில் ஒருவரை வழியனுப்புதல். அந்தப் பயணத்தோடு ஒரு பகலைக் கூட்டிக்கொண்டால், நவீன கலைக்கென அமைந்த அருங்காட்சியகம் ஒன்றைப் பிள்ளைகளோடும் மூத்தவர்களோடும் நிதானமாகப் பார்த்து வரலாம். பலர் தயங்குவதற்குக் காரணம், அங்கே போனால் எல்லாம் விளங்கியாகவேண்டும், விளங்காவிட்டால் மற்றவர்கள் முன் கூச்சப்பட நேரும் என்ற எண்ணமே. அம்மம்மா ஒருவர், பெற்றோர், ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் என்று அமைந்த குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்படும் இவ்வழிகாட்டி, விளக்கம் சொல்லும் பொறுப்பைப் பெற்றோரின் தோளிலிருந்து இறக்கிவைத்து, பார்க்கும் வேலையை எல்லோருக்கும் பகிர்ந்துகொடுக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறது.

முதலாம் படி: இடத்தைத் தெரிவுசெய்தல்

முதன்மையான இடம் இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019 டிசெம்பரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் பின்னர் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலுள்ள கிரெஸ்கட் வணிகக் கட்டடத்துக்கு இடம்மாறியது. நுழைவுக் கட்டணம் இல்லை. விளக்கங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வைக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இங்கே படைப்புகள் ஒரு கருப்பொருளைச் சுற்றி அமைக்கப்பட்டு மாதக்கணக்கில் நீளும் கண்காட்சிகளாகவே காட்டப்படுகின்றன. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவே பயணத் திகதியை நிச்சயிக்குமுன், எந்தக் கண்காட்சி நடக்கிறது, வாரத்தில் எந்த நாள் பூட்டு, போயா தினத்தில் திறந்திருக்குமா, தமிழில் விளக்கம் சொல்லக்கூடியவர் அன்று இருப்பாரா என்பவற்றைத் தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது இடம், கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சப்புமல் மன்றம். ஓவியர் ஹரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்த வீடே இன்று காட்சியிடமாக இருக்கிறது. ஓட்டுக்கூரையும் பழைய தளபாடங்களும் உள்ள அறைகளில், குடும்பப் படங்கள் மாட்டியிருப்பதுபோல, 1943 இல் ஒன்றுசேர்ந்த நவீன ஓவியர்களான 43 குழுவினரின் ஓவியங்கள் தொங்குகின்றன. வாரத்தில் சில நாட்கள், சில மணிநேரம் மாத்திரமே திறந்திருக்கும் என்பதால் முன்கூட்டியே அழைத்துக் கேட்காமல் போகவேண்டாம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் மூத்தவர்களும் மட்டுமே வருகிறார்கள் என்றால், வெள்ளைச் சுவர்களும் குளிரூட்டியும் உள்ள கூடத்தைவிட இந்த வீடே அவர்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வீடு என்பது எப்படி நடந்துகொள்ளவேண்டிய இடம் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

நேரம் மிஞ்சினால் பொரளை கோதமி விகாரைக்கும் போகலாம். அங்கே 1939–40 காலப்பகுதியில் ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியங்கள் புத்தரின் வாழ்க்கையைச் சொல்கின்றன. வழிபாட்டிடம் என்பதால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும், காலணிகளைக் கழற்றவேண்டும். விஹாரமகாதேவி பூங்காவின் ஓரமாக, முன்பு கிறீன் பாத் எனப்பட்ட ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களை விற்பனைக்கு நிறுத்தியிருப்பார்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் நின்று பார்க்கலாம்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஒரு மாலை நேரத் தயாரிப்பு

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே பெரும்பாலும் ‘ஒன்றும் விளங்கவில்லை’ என்று சொல்லித் திரும்புகிறார்கள். பெரிய வாசிப்பு எதுவும் வேண்டியதில்லை. இரண்டு செய்திகளும் மூன்று கேள்விகளும் போதும்.

முதற் செய்தி, ஓவியம் ஏன் ‘உள்ளதை உள்ளபடி’ காட்டுவதை விட்டது என்பது. 1839 இல் ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னர், ஒரு முகத்தையோ தெருவையோ அச்சொட்டாகப் பதிவுசெய்யும் வேலையைக் கமரா படிப்படியாக ஏற்றுக்கொண்டது. அதன் பின் ஓவியர்கள், கமராவால் இயலாத எதைத் தூரிகையால் செய்யலாம் என்று தேடத் தொடங்கினார்கள். ஒரே முகத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் காட்டுவது, நிறத்தை மட்டும் வைத்து மனநிலையைச் சொல்வது, கோட்டை உருவத்திலிருந்து விடுவிப்பது என்பன அந்தத் தேடலின் விளைவுகள். இதில் வேடிக்கை என்னவென்றால், 43 குழுவின் இயக்குசக்தியாக இருந்த லயனல் வென்ட் (1900–1944) ஓர் ஒளிப்படக் கலைஞர். கமராவாலும் ‘உள்ளதை உள்ளபடி’ காட்டாமல் இருக்க முடியும் என்று அவர் இருட்டறையில் செய்த பரிசோதனைகள் காட்டின.

இரண்டாவது செய்தி, இலங்கையைப் பற்றியது. 1891 இல் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கம் உள்ளதை உள்ளபடி வரைவதை மதித்த பிரித்தானிய அக்கடமி ரசனையைப் பேணிவந்தது. அதிலிருந்து விலகி, ஐரோப்பிய நவீனத்துவத்தையும் கீழைத்தேய மரபையும் தங்கள் விருப்பப்படி கலந்துகொண்ட ஓவியர்கள் 1943 இல் குழுவாகச் சேர்ந்தார்கள். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ரிச்சர்ட் கப்ரியேல், மஞ்சுசிறி முதலியோர் அதில் இருந்தார்கள். யாழ்ப்பாணமும் இதற்கு வெளியே இருக்கவில்லை. கல்வித் திணைக்களத்தில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்து, பாடசாலைகளில் சித்திரம் கற்பிக்கும் முறையை மாற்ற முயன்ற சி. எப். வின்சரின் பெயரால், எஸ். ஆர். கனகசபை 1938 இல், அதாவது 43 குழுவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, இங்கே ஓர் ஓவியக் கழகத்தை அமைத்தார். அவருக்குப் பின் வந்த அ. மாற்கு (1933–2000) விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் மூலமும் தம் கற்பித்தலின் மூலமும் இவ்வூரில் நவீன ஓவியத்தைப் பரப்பினார். அம்மம்மாவோ அப்பப்பாவோ அவர்களிடமோ அவர்களது மாணவர்களிடமோ சித்திரம் படித்தவராக இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

மூன்று கேள்விகள், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் உருவாக்கிய முறையிலிருந்து வருபவை. நம் வீட்டுப் பேச்சில் அவற்றை இப்படிக் கேட்கலாம்: ‘இந்தப் படத்தில என்ன நடக்குது?’ ‘எதைப் பாத்து அப்பிடிச் சொல்லுறாய்?’ ‘வேற என்ன தெரியுது?’ இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. பிள்ளை ‘இந்த மனுசி கவலையா இருக்கிறா’ என்று சொன்னால், சரி என்றோ பிழை என்றோ தீர்ப்புச் சொல்லாமல், எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று கேட்கவேண்டும். பிள்ளை திரும்பவும் படத்தைப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலே இந்தப் பயணத்தின் முழு நோக்கம். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் கலண்டர் படத்தை வைத்து ஒருநாள் இரவு பழகிப் பாருங்கள்.

‘நானே இதைவிட வடிவாக் கீறுவன்’ என்று பிள்ளைகளில் ஒருவர் அங்கே கட்டாயம் சொல்வார், பெரியவர்களும் சொல்வார்கள். அதற்குக் கோபப்படவேண்டாம், கலை வரலாற்றைப் போதிக்கவும் வேண்டாம். கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, ‘சரி, இதையே பாத்துக் கீறு’ என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில், அந்தக் கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பிள்ளையே உங்களுக்குக் காட்டத் தொடங்கும்.

மூன்றாம் படி: பயணம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ் விடியற்காலையில் காலி வீதியில் இறக்கிவிடும். உறவினர் வீடோ விடுதியோ வெள்ளவத்தையில் என்றால் வசதி. ஆனால் இரவு முழுவதும் இருக்கையில் தூங்கி வந்த பிள்ளைகளை அன்று காலையே ஓவியங்களின் முன் நிறுத்துவது யாருக்கும் நன்மை தராது. வந்த அன்று ஓய்வு அல்லது மற்ற அலுவல், அடுத்த நாள் காலை அருங்காட்சியகம் என்று ஒழுங்குபடுத்துங்கள். ரயிலில் போவதானால் ஆசனங்களை வேளையோடு பதிவுசெய்வதுடன், வடக்குப் பாதையின் நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் நிலையத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டை, புறக்கோட்டைப் பக்கம் போகும் 100, 101 இலக்க பஸ்கள் காலி வீதியால் செல்கின்றன. நடத்துநரிடம் கிரெஸ்கட் என்று சொன்னால் போதும். மூத்தவர்கள் இருந்தால் முச்சக்கர வண்டியே நல்லது. வார நாட்களில் கூட்டம் குறைவு. சனி, ஞாயிறுகளில் ரியூசன் வகுப்பு இருப்பதைக் காரணம் காட்டிப் பிள்ளைகள் வரமறுக்கும் வீடுகளுக்குப் பாடசாலை விடுமுறையே வழி. ரியூசனை ஒருநாள் விட்டால் என்ன என்று கேட்கும் துணிவு எத்தனை பெற்றோருக்கு உண்டு என்பது வேறு விடயம்.

கையில் எடுத்துச் செல்லவேண்டியவை சிலவே. குளிரூட்டிய கூடத்தில் ஒரு மணிநேரம் நிற்கும் அம்மம்மாவுக்கு ஒரு சால்வை, பிள்ளை ஒவ்வொருவருக்கும் மெல்லிய கொப்பியும் பென்சிலும், நடக்கப் பழகிய செருப்பு. பேனை, மார்க்கர், நிறச்சாந்து என்பவற்றை வீட்டிலேயே விடுங்கள். பெரும்பாலான காட்சிக்கூடங்கள் பென்சிலை மட்டுமே அனுமதிப்பதற்குக் காரணம், தவறிப் பட்ட மை அழியாது என்பதுதான். முதுகுப் பையைத் தோளில் போட்டபடி சுவரோரம் திரும்புவது ஆபத்து. வாசலில் ஒப்படையுங்கள் அல்லது முன்பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் உள்ளே போகக்கூடாது, ஆகவே காலைச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: கூடத்துக்குள்

வாசலில் வைத்தே விதிகளைக் காரணத்தோடு சொல்லுங்கள். விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் கண்ணுக்குத் தெரியாமல் மேற்பரப்பில் தங்கி, காலப்போக்கில் அதை அரிக்கும் என்று விளங்கிய பிள்ளை, ‘தொடாதே’ என்ற வெறும் கட்டளையைக் கேட்ட பிள்ளையைவிடக் கவனமாக இருக்கும். கடதாசியிலும் துணியிலும் அமைந்த படைப்புகள் இருக்கும் பகுதி இருட்டாகத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. ஒளி நிறத்தை மங்கச் செய்யும் என்பதால், அத்தகைய பொருட்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலேயே வெளிச்சம் விடுவது வழக்கம். படம் எடுக்கலாமா என்று பணியாளரிடம் கேளுங்கள். எடுக்கலாம் என்றாலும் பிளாஷ் வேண்டாம்.

முதலில் எங்கும் நிற்காமல் கூடம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். பத்து நிமிடம் போதும். விளக்கப் பலகைகளை அப்போது வாசிக்காதீர்கள். சுற்றி முடிந்ததும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த, அல்லது தம்மை எரிச்சலூட்டிய ஒரு படைப்பைச் சொல்லவேண்டும். ஐந்து பேர் என்றால் ஐந்து படைப்புகள். இனி அந்த ஐந்தை மட்டுமே பார்ப்பீர்கள். வந்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும் என்ற மனம் இதற்கு இலேசில் இசையாது. நியூயோர்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களை அவதானித்து 2001 இல் வெளியான ஆய்வொன்று, அவர்கள் ஓர் ஓவியத்தின் முன் சராசரியாக 27 விநாடிகளே நின்றார்கள் என்று கண்டது. அருங்காட்சியகங்களில் ஏற்படும் களைப்பைப் பற்றி 1916 இலேயே பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் எழுதினார். குனிந்தும் எட்டியும் பார்ப்பதால் உடலுக்கு வரும் சிரமத்தை அவர் ஒளிப்படங்களோடு காட்டினார். எண்ணிக்கையைக் குறைப்பதே இரண்டுக்கும் மருந்து.

தெரிவுசெய்த படைப்பின் முன் வந்ததும், பொருளைத் தேடுமுன் பொருட்களைத் தேடுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? எண்ணெய்ச் சாயமா, நீர்ச்சாயமா, துணியா, இரும்பா, பழைய கடிதங்களா? தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது? இதைச் செய்தவர் நின்று செய்தாரா, தரையில் இருந்து செய்தாரா? அனுமதிக்கப்பட்ட தூரம்வரை கிட்டப் போய்ப் பாருங்கள், பிறகு ஆறேழு அடி பின்னால் வந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு படங்களாகத் தெரியும். தையல் தெரிந்த அம்மம்மா துணிப் படைப்பின் முன் சொல்வதையும், மேசன் வேலை தெரிந்த அப்பா சீமெந்துச் சிற்பத்தின் முன் சொல்வதையும் பிள்ளைகள் கேட்கவேண்டும். கைவேலை அறிந்தவர்களின் கண் இங்கே பட்டதாரிகளின் கண்ணுக்குச் சற்றும் குறைந்ததில்லை. அதன் பின்னரே மூன்று கேள்விகளுக்கு வாருங்கள்.

திரைப் படைப்புகளுக்கு வேறு முறை. அவை பெரும்பாலும் முடிந்தவுடன் மீண்டும் தொடங்கும்படி ஓடிக்கொண்டே இருக்கும். நீளம் எவ்வளவு என்று பலகையில் பார்த்து, பிள்ளைகளின் பொறுமைக்கு ஏற்ப இருப்பதா விடுவதா என்று தீர்மானியுங்கள். நடுவில் எழுந்து போவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

ஐந்தாம் படி: பலகையை வாசித்தல்

பார்த்துப் பேசி முடித்த பின் பலகைக்கு வாருங்கள். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, யாருடைய சேகரிப்பு என்பவை வழக்கமாக இருக்கும். இவற்றில் ஆண்டை முதலில் பாருங்கள். 1956, 1981, 1983, 1995, 2009 என்ற எண்களில் ஒன்று பலகையில் இருந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூத்தவர் ஒருவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அந்த ஆண்டில் தாம் எங்கே இருந்தார் என்பதிலிருந்தே அவர் பேசத் தொடங்குவார். அருங்காட்சியகத்தார் எழுதிவைத்த பந்தியைவிட அது உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும். ஊடகம் என்ற இடத்தில் ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் இருந்தால், என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பத்து வயதுக்காரரிடம் ஒப்படையுங்கள்.

ஆறாம் படி: பேசக் கடினமானவை

இலங்கையின் சமகாலக் கலையில் போர், இடப்பெயர்வு, காணாமற்போதல், காணி ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்துகொடுத்த கோட்டுப்படங்களைச் சேர்த்து, அவற்றோடு தம் சித்திரங்களையும் வைத்து, 2011 இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். கிணறு எங்கே, வேம்பு எங்கே, சாமியறை எந்தப் பக்கம் என்று காட்டும் ஒரு கோட்டுப்படம் கொழும்புப் பார்வையாளருக்குச் சமகாலக் கலை. உங்களோடு வந்த அம்மம்மாவுக்கு அது வேறு.

ஆகவே கண்காட்சியின் அறிமுகக் குறிப்பை முன்கூட்டியே வாசித்து, இத்தகைய படைப்புகள் இருப்பதாகத் தெரிந்தால் மூத்தவர்களிடம் வீட்டிலேயே சொல்லுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அங்கே ஒருவர் பேசாமல் நின்றால் அவரைப் பேசவைக்க முயலவேண்டாம், பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்டால் ஒருவர் அவர்களை அடுத்த பகுதிக்கு அழைத்துச் செல்லட்டும். அதேவேளை, ‘அம்மம்மா, நீங்களும் இப்பிடித்தான் வீட்டை விட்டிட்டுப் போனீங்களோ?’ என்ற கேள்விக்கு அம்மம்மா பதில் சொல்ல விரும்பினால், பக்கத்தில் நின்று ‘அதெல்லாம் இப்ப ஏன்’ என்று வாயை அடைக்கவும் வேண்டாம். உட்கார ஒரு வாங்கு எங்கே இருக்கிறது என்று முதற் சுற்றிலேயே பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

நிர்வாண உருவங்களும் இருக்கலாம். லயனல் வென்டின் ஒளிப்படங்களிலும் கீற்றின் ஓவியங்களிலும் அவை உண்டு. பிள்ளையின் கண்ணை மறைப்பதைவிட, கோயிற் சிற்பங்களைப் பார்க்கும்போது எப்படி நடந்துகொள்கிறோமோ அப்படி நடந்துகொள்வது இலகு. பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வெளியேறுதலும் அதன் பின்னரும்

ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அரை மணிநேரம், மற்றவர்களுக்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணிநேரம் போதும். யாராவது ஒருவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும் நிலையில் வெளியே வருவது நல்லது. மதியச் சாப்பாட்டுக்குப் பின், வெயில் தணிந்ததும் காலிமுகத்திடலுக்குப் போகலாம். கிரெஸ்கட்டிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே இருந்து இறால் வடை சாப்பிடும்போது, ஐந்து படைப்புகளில் எதை வீட்டு விறாந்தையில் மாட்டச் சம்மதிப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். சண்டை வரும், அது நல்ல சண்டை.

இரண்டாம் நாள் இருந்தால் சப்புமல் மன்றத்தைக் காலையில் வையுங்கள். முதல்நாள் சமகாலப் படைப்புகளைப் பார்த்தவர்கள், அதற்கு முந்திய தலைமுறை தூரிகையோடு நின்ற இடத்தை இங்கே காண்பார்கள். வரிசைப்படி முதலில் பழையது, பிறகு புதியது என்று போகவேண்டும் எனச் சிலர் சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் புதியதே முதலில் பிடிக்கிறது என்பதால் நான் மாற்றிச் சொல்கிறேன்.

ஊர் திரும்பியபின் கொப்பிகளைப் பத்திரப்படுத்துவதோடு நிறுத்தவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயிலும் மாணவர்களின் கண்காட்சிகள் இங்கேயே நடக்கின்றன. பொது நூலகத்துக்கு அருகிலுள்ள கலாசார நிலையத்திலும் காட்சிகள் இடம்பெறுகின்றன. அறிவித்தல்கள் பல்கலைக்கழகச் சுற்றாடலிலும் முகநூலிலும் வரும். அவற்றுக்குப் பெரும்பாலும் அழைப்பிதழ் தேவையில்லை. தொடக்க நாளில் போனால் படைப்பைச் செய்தவரே பக்கத்தில் நிற்பார். இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிள்ளையே அவரிடம் நேரில் கேட்கலாம்.